பிள்ளைகளோடு போகலாமா

மேலகரம், தென்காசி
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அனுசியா எழுதுகிறேன். அம்மைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் நின்றதா என்பதை முதல் வரியில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

நீ பட்டாளத்தோடு மேல் முகாமுக்குப் போகிறாய், அங்கே போன் கிடையாது, தபால் மட்டும்தான் என்றதும் அம்மை அழுதாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நாள் முழுக்க யாரென்றே தெரியாத ஆட்கள் படிப்பதற்காகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு ஆள் படிக்க எழுதுவது இனிமேல் உனக்கு மட்டும்தான்.

ஒரு செய்தி. என்னை டீம் லீட் ஆக்கிவிட்டார்கள். பயந்துவிடாதே, டீம் என்றால் நானும் புதிதாகச் சேர்ந்த நிர்மலாதேவியும்தான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ போன தடவை கேட்டாய், நான் சிரித்து மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். குற்றாலம் வருகிறவர்கள் வண்டி ஏறும் முன்னால் போனில் தேடுகிறார்கள் இல்லையா, அப்படித் தேடும்போது எங்களுக்குக் காசு கொடுக்கிற விடுதி முதலில் வர வேண்டும். அதற்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். எங்கள் முதலாளி செந்தில்வேல் அண்ணாச்சி சொல்வார்: "நாம சொல்ல நெனைக்கதை எவன் கேட்டான்? மக்க என்ன கேக்குதாங்களோ அதுக்குப் பதில் எழுதுட்டீ." மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கத் தனியாகக் கருவி இருக்கிறது. ஒரு மாதத்தில் எத்தனை ஆயிரம் பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள் என்று அது காட்டும்.

பண்பொழிக்கு அந்தப் பக்கம், மலையடியில், வெள்ளிமேகத் தோட்டம் என்று ஒரு விடுதி. அவர்கள் இடத்துக்குள்ளேயே அருவி. அதிகம் பேர் கேட்ட கேள்வி, 'குற்றாலத்தில் பிள்ளைகளோடு குளிக்கப் பாதுகாப்பான அருவி எது, பிள்ளைகளோடு போகலாமா?' அதற்கு நான் எழுதிய பதிலை உனக்காக அப்படியே எழுதுகிறேன்:

'ஆம், போகலாம். வெள்ளிமேகத் தோட்டத்து அருவி குழந்தைகளுக்கும் முதியோருக்கும் முழுப் பாதுகாப்பானது. இடுப்பளவுத் தண்ணீர், வழுக்காத தளம், இரும்புக் கைப்பிடி, எந்நேரமும் காவலர் உண்டு. குடும்பத்தோடு பயமின்றிக் குளிக்கலாம்.'

நாற்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும், முதல் சொல் 'ஆம்' என்று இருக்க வேண்டும். அதுதான் இதில் வித்தை. மூன்றே வாரத்தில் முதலிடம். அண்ணாச்சி எல்லாருக்கும் பால்கோவா வாங்கித் தந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளியை ஈரத்தோடு போர்த்தாதே.

உன் தங்கை,
அனு

◆

முகாம் (ஊர்ப் பெயர் எழுதக் கூடாது)
25 ஏப்ரல்

ஏட்டி அனு,

இருமல் நின்றுவிட்டது. முதல் வரியில் எழுதிவிட்டேன், போதுமா? அம்மையிடம் சொல், இங்கே சோறு வேகாது, பருப்பு வேகாது, நாங்கள்தான் வேகிறோம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து. தபாலும் அரிசியும் ஒரே கோவேறு கழுதையில் வருகிறது. உன் கடிதத்தில் மண்ணெண்ணெய் வாசம்.

டீம் லீடுக்குச் சல்யூட். இரண்டு பேருக்கு லீட் என்றால் நான்கூடத் தளபதிதான்.

இங்கே என்னோடு எபனேசர் என்று ஒருவன், நாசரேத்துக்காரன். எனக்குப் பக்கத்துப் படுக்கை. குறட்டை விட்டால் பனி சரியும். உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அந்தப் பதிலைச் சத்தமாகப் படிக்கச் சொன்னான். அவன் மனைவி ஜெபமலரும் இரண்டு பிள்ளைகளும் குற்றாலம் பார்த்ததே இல்லையாம். மூத்தது பெண், ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. ஒவ்வொரு வருசமும் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி இவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கூட்டத்தில் பிள்ளைகளை விட்டுவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். "ராஜா, ஒன் தங்கச்சி எழுதியிருக்கத நம்பி அனுப்பலாமால?" என்றான். "அவ எழுதுனா சரியாத்தாம்ல இருக்கும். பள்ளிக்கூடத்துல ஒரு கணக்கக்கூடத் தப்பாப் போட மாட்டா" என்றேன். உடனே ஒரு தாளை எடுத்து உன் பதிலைச் சொல்லுக்குச் சொல் பார்த்து எழுதி மனைவிக்கு அனுப்பிவிட்டான்.

நீ ஒரு வார்த்தை எழுதினால் அவனுக்கு நிம்மதி.

இசக்கிராஜா

◆

மேலகரம்
10 மே

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் உன் குறட்டைக்கார நண்பரும் நலம்தானே? இங்கே வெயில் கொளுத்துகிறது. அம்மைக்குச் சர்க்கரை சோதித்தோம், கட்டுக்குள் இருக்கிறது.

எபனேசர் அண்ணனிடம் தாராளமாக அனுப்பச் சொல். ஜூனில் சாரல் தொடங்கிவிடும், ஜூலை நடுவில் வந்தால் தண்ணீர் நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்கு ரம்புட்டான் வாங்கிக் கொடுக்கிறேன் என்று நான் சொன்னதாகச் சொல்.

வேலை ஓடுகிறது. இப்போது தேடினால் விடுதியின் இணையப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். மேலேயே கணினி திரட்டித் தரும் ஒரு தொகுப்புப் பதில் வருகிறது, அதில் என் வரிகள்தான் வருகின்றன. பேருந்தில் ஒரு அம்மா போனிடம் கேட்டார். போன் என் வாக்கியத்தைப் பெண் குரலில் படித்தது. எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெள்ளிமேகத்துக்கு ஒரே ஒரு மோசமான விமர்சனம்தான் இருந்தது. அதையும் எடுத்தாயிற்று.

மேலே குளிர் குறைந்ததா? காலுறை இரண்டு ஜோடி அனுப்புகிறேன்.

அனு

◆

மேலகரம்
14 ஜூன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? இருமல் திரும்ப வந்ததா? தூக்கம் வருகிறதா? அம்மை நன்றாக இருக்கிறாள். சாரல் தொடங்கிவிட்டது, துணி காயவில்லை.

ஒரு விஷயம். எபனேசர் அண்ணன் வீட்டாரை இந்த வருசம் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. வெள்ளிமேகத்தில் சீசன் முடியும்வரை அறைகள் நிரம்பிவிட்டன. வேறு இடங்களிலும் கூட்டம். அடுத்த வருசம் அவரே லீவில் வந்து கூட்டிப் போகட்டும், அதுதான் நன்றாக இருக்கும். மறக்காமல் உடனே சொல்லிவிடு அண்ணே.

வேலை அதிகம், அதனால் சின்னக் கடிதம். வேறு ஒன்றும் இல்லை.

அனு

◆

முகாம்
2 ஜூலை

ஏட்டி அனு,

நான் நலம், எபனேசர் நலம், கழுதையும் நலம். காலுறை வந்து சேர்ந்தது. ஒரு ஜோடியை எபனேசர் 'கடன்' வாங்கியிருக்கிறான், அது இனித் திரும்பாது.

நீ எழுதிய நாலு வரியில் மூன்று வரி என் உடம்பைப் பற்றி. என்ன, ஆபீஸில் யாரும் ஏசினார்களா?

அறை நிரம்பிவிட்டது என்று நீ எழுதியதை எபனேசரிடம் சொன்னதும் சிரித்துவிட்டான். "ஒன் தங்கச்சிக்கு விசயமே தெரியல. எங்க வீட்டுக்காரி போன் போட்டுக் கேட்டா, ரூம் இருக்குன்னு சொல்லி உறுதி பண்ணிட்டாங்க" என்றான். ஜெபமலர் எழுதிய கடிதத்தைக் காட்டினான். ஜூலை 19 சனிக்கிழமை காலையில் வருகிறார்கள், ஒரு நாள் தங்கல். மாமியாரும் வருகிறாராம். மகள் தினமும் ஒரு அறிவிப்பு விடுகிறாளாம், இன்னும் எத்தனை நாள் என்று. ஆக நீ கவலைப்பட ஒன்றும் இல்லை. முடிந்தால் போய் ஒரு எட்டுப் பார்த்துக்கொள்.

அம்மையின் கையால் ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு.

இசக்கிராஜா

◆

மேலகரம்
17 ஜூலை, வியாழன்

அண்ணே,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நாளை மறுநாள் பத்தொன்பது. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அறை நிரம்பிவிட்டது என்று நான் எழுதியது பொய். உண்மையை எழுத வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தால் ஒரு மாதம் போய்விட்டது.

ஜூன் 11 அன்று சீசன் படம் எடுக்க வெள்ளிமேகத்துக்குப் போனேன். அதுவரை நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. அவர்கள் அனுப்பிய படங்களை வைத்துத்தான் எழுதினேன். போய்ப் பார்த்தால் அது அருவியே இல்லை அண்ணே. மலையிலிருந்து இறங்கும் ஓடையின் குறுக்கே சுவர் வைத்து, தண்ணீரைத் திருப்பி, சிமெண்டில் செய்த பாறை மேல் விழவைத்திருக்கிறார்கள். குளிக்கிற தொட்டி ஓடைப் படுகைக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் ஆட்டுக்குட்டி அளவு உருண்டைக் கற்கள். பாசி ஏறாத கற்கள், அண்மையில் உருண்டு வந்தவை.

அங்கே குருவம்மாள் என்று ஒரு அக்கா சருகு கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டார்.

"ஏட்டி தாயி, அங்கன நிக்காத. மேல கருத்திருக்கு பாரு."

"இங்க மழையே இல்லியேக்கா."

"இங்க பெஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன? மேல பெஞ்சா போதும். நீ கண்ணச் சிமிட்டுததுக்குள்ள சுவரத் தாண்டி வந்துரும். கல்லும் மரமுமா வரும்."

"காவலுக்கு ஆள் இருக்காங்கல்லா?"

அவர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கழுத்துக் கயிற்றில் ஒரு விசில் தொங்கியது. "காவலா? கூட்டுததும் நாந்தான், ஊதுததும் நாந்தான்."

"நீங்க சாப்பிடப் போனா?"

"அப்ப சாமி ஊதும்."

பிறகு ஒரு கல்லைக் காட்டினார். போன டிசம்பரில் தண்ணீர் வந்தபோது ஒரு பையனைத் தான் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டுக் காப்பாற்றிய இடம் அது என்றார். கடையநல்லூர்ப் பையன். ஆசிப் என்று அவன் அம்மா கத்திக்கொண்டே இருந்தது இன்னும் காதில் இருக்கிறது என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் படம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அது எனக்குத் தெரியும். நான் எடுத்துவிட்டேன் என்று உனக்கு எழுதினேனே, அந்த விமர்சனம். 'என் மகன் ஆசிப் கையை நான் பிடித்திருந்தேன். பிடி நழுவிவிட்டது. தயவுசெய்து பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள்.' இவ்வளவுதான் எழுதியிருந்தார் அந்த அம்மா. போட்டி விடுதிக்காரர்கள் எழுதிய பொய் என்று நாங்கள் புகார் கொடுத்தோம், ஆறு கணக்குகளிலிருந்து. பிறகு இருபது பெயர்களில் நானே ஐந்து நட்சத்திரம் எழுதினேன். மதுரை, விருதுநகர், திருவனந்தபுரம் என்று ஊர்கூட மாற்றி மாற்றி. எங்கள் தொழிலில் இது தினமும் செய்கிற வேலை. அன்று மாலை வீட்டுக்கு வந்து அம்மையோடு இட்லி சாப்பிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 'எந்நேரமும் காவலர் உண்டு' என்று அவர்கள் சொல்லவே இல்லை. தேடலில் எங்களுக்கு முன்னால் வந்த வேறொரு விடுதியின் இணையப் பக்கத்தில் அந்த வரி இருந்தது. முந்த வேண்டுமென்றால் அவர்கள் பக்கத்தில் உள்ளதெல்லாம் நம் பக்கத்திலும் இருக்க வேண்டும், அதற்கு மேலும் ஒன்று இருக்க வேண்டும். அப்படித்தான் வேலை செய்வோம். அவர்கள் 'பாதுகாப்பானது' என்று போட்டிருந்தார்கள், நான் 'முழு' சேர்த்தேன்.

திரும்பி வந்த அன்றே அந்தப் பதிலை அழித்தேன். அண்ணாச்சி மறுநாளே போடவைத்துவிட்டார். "ஒண்ணும் ஆகாதுட்டீ. இத்தன வருசமா ஓடுது" என்றார். மறுபடி அழித்தேன். விடுதியின் பக்கத்தில் இப்போது இல்லை. ஆனால் மேலே வருகிற தொகுப்புப் பதில் இன்னும் அதையே சொல்கிறது. வேறு எத்தனையோ தளங்கள் அதை எடுத்துப் போட்டிருக்கின்றன. நான் அழிக்க அழிக்க அது வேறு வாயால் பேசுகிறது.

இன்று வெள்ளிமேகத்துக்குப் போன் போட்டு ஜெபமலர் என்ற பெயரில் பதிவு செய்தவர் எண் கேட்டேன். தர மாட்டோம் என்றார்கள். இணையத்தில் தேடினேன். தேடுவதுதான் என் தொழில். நாசரேத் ஜெபமலரை எங்கேயும் காணவில்லை. நான் இதுவரை எழுதிய எந்தப் பெயரும் இப்படி ஒளிந்ததில்லை. அவையெல்லாம் நான் உண்டாக்கியவை.

மலை இரண்டு நாளாகத் தெரியவில்லை. மேகம் இறங்கியே கிடக்கிறது. பண்பொழிப் பக்கம் இடிச் சத்தம் கேட்கிறது. சனிக்கிழமை விடிந்ததும் அந்த வாசலில் போய் நிற்பேன். ஜெபமலர் எப்படி இருப்பார் என்று தெரியாது. ஏழு வயதுப் பெண்ணும் நாலு வயதுப் பையனும் இருக்கிற எல்லாக் குடும்பத்தையும் மறிப்பேன்.

எபனேசர் அண்ணனிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். உன் உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அனுசியா

◆

மேலகரம்
20 ஜூலை, ஞாயிறு

அண்ணே,

முதலில் இது. ஜெபமலர் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அவர் மாமியாரும் நல்லபடியாக இருக்கிறார்கள். உடனே எபனேசர் அண்ணனிடம் சொல்.

நேற்று காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். தூறல் விடவில்லை. எட்டு குடும்பங்கள் உள்ளே போயின. இரண்டு குடும்பத்தை மறித்துக் கேட்டேன். ஒருவர் என்னைக் கூடை விற்கிறவள் என்று நினைத்து "வேண்டாம்மா" என்றார். ஒன்பது மணி இருக்கும், தென்காசியிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. முதலில் இறங்கிய சிறுமியின் கையில் காற்றடித்த நீச்சல் வளையம். பின்னாலேயே ஒரு பையன், இப்போதே சட்டையைக் கழற்றிக்கொண்டு. கடைசியாக அவர்கள் அம்மா.

"நீங்க நாசரேத் ஜெபமலர் அக்காவா?"

"ஆமா. ஓட்டல் ஆளா? இந்தப் பையப் பிடிங்க."

"அக்கா, உள்ள போகாதீங்க. பிள்ளைகளுக்கு இந்த எடம் ஆகாது. மேல மழை பெஞ்சா தண்ணி திடீர்னு வந்துரும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "முழுப் பாதுகாப்புன்னு போட்டிருக்கு பாருங்க. எந்நேரமும் காவலர் உண்டு, இந்தா."

"அது தப்புக்கா."

"அது தப்புன்னா இதும் தப்பா?" பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். "எங்க வீட்டுக்காரர் கைப்பட எழுதி அனுப்பியிருக்காரு. படிங்க."

"அத எழுதுனது நாந்தான்க்கா."

"எதை? எங்க வீட்டுக்காரர் லெட்டரையா?" அவர் குரல் மாறிவிட்டது. மாமியார் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினார். "யாருட்டீ இவ? எபனேசருக்கு லெட்டர் எழுதுதாளாமா?"

அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணே, பிறகு அழுகை. நான் இசக்கிராஜா தங்கச்சி என்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. குருவம்மாள் சொன்னது, ஆசிப், நான் எடுத்த விமர்சனம், எல்லாம் சொன்னேன். தெருவில் நின்று என் வாயால் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

ஜெபமலர் அக்கா கேட்டார்: "அப்ப வந்து பாக்காமயே எழுதுனீங்களா?"

"ஆமாக்கா."

"இப்பச் சொல்லுதது மட்டும் பாத்துட்டா?"

"பாத்துட்டேன்க்கா."

மானேஜர் வந்தார். "இந்தப் பொண்ணு எங்க வெப்சைட் பாக்குத ஆபீஸ்ல வேலை செய்யுது. ஏதோ கோவத்துல பேசுது. நீங்க வாங்க மேடம், உள்ள பாருங்க, எம்பது பேரு குளிக்காங்க" என்றார். உண்மைதான், உள்ளிருந்து பிள்ளைகள் கூச்சலிடும் சத்தம் கேட்டது. சின்னவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு வாசலுக்குள் ஓடினான். அவன் அம்மா அவன் கையை எட்டிப் பிடித்தார். பிடித்தவர், தன் கையையும் அவன் கையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு, "ஆட்டோவத் திருப்புங்க அண்ணாச்சி" என்றார்.

பெண் பிள்ளை அழுத அழுகையைக் கேட்டால் நீயும் அழுவாய். ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். அங்கே போலீஸ் வரிசையாக விட்டார்கள், ஐந்து நிமிடம்தான் நனைந்தார்கள். மதியத்துக்கு நம் வீட்டில் சாப்பாடு. அம்மை ரசம் வைத்தாள். நீச்சல் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அந்தப் பெண் சாப்பிட்டாள். என்னிடம் கடைசிவரை பேசவில்லை.

நேற்று வெள்ளிமேகத்தில் வெள்ளம் வரவில்லை. எண்பது பேரும் குளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அனு

◆

முகாம்
3 ஆகஸ்ட்

அனு,

பதினேழாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. அதற்குப் பிறகு எழுதியது எதுவும் வரவில்லை. கீழே பாதை சரிந்துவிட்டது, அடுத்த கழுதை எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

நின்றுகொண்டே படித்தேன். எபனேசர் பக்கத்தில் தகரக் குவளையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான். "தங்கச்சி என்ன எழுதியிருக்கா? எம் பிள்ளைகளப் பாத்தாளாமா?" என்றான். "அதுக்கு முந்தி எழுதுனதுல" என்றேன். அது உண்மைதான். அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு நேற்றிலிருந்து ஓட்டுகிறேன்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வான்? இங்கிருந்து ஓடக்கூட முடியாது. பத்தொன்பது முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, ஏதாவது நடந்திருந்தால் கீழிருந்து வயர்லெஸ்ஸில் சொல்லியிருப்பார்கள் என்று புத்தி சொல்கிறது. ஆனால் அந்தப் பெட்டி கரகரக்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுகிறேன். இன்று காலை கரகரத்தது. அரிசிக் கணக்கு கேட்டார்கள். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன். எபனேசர் முதுகைத் தடவிவிட்டான்.

அவன் பேச்செல்லாம் அதுதான். "ராஜா, சின்னவனுக்குத் தண்ணின்னா உயிரு. தொட்டியில இருந்து எழுந்திருக்க மாட்டான். அருவியில என்ன ஆட்டம் போட்டிருப்பான்?" நான் சிரிக்கிறேன். அவன் மறுபடியும் உன் நாலு வரியைச் சொல்கிறான். மனப்பாடமாகிவிட்டது அவனுக்கு.

உன்னை ஏசத்தான் தாளை எடுத்தேன். முடியவில்லை. 'அவ எழுதுனா சரியாத்தாம்ல இருக்கும்' என்று சொன்னது நான். நானும் போய்ப் பார்க்கவில்லையே.

என்ன ஆயிற்று என்று எழுது. எழுதியிருப்பாய். அது எங்கேயோ சகதியில் நிற்கிறது.

இசக்கிராஜா

◆

மேலகரம்
24 ஆகஸ்ட், ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இதற்குள் என் இருபதாம் தேதிக் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும், உன் வயிறும் தணிந்திருக்கும். ஜெபமலர் அக்கா சென்ற வாரம் பேசினார், பிள்ளைகள் சுகம். அம்மைதான் இரண்டு நாளாகச் சளியோடு இருக்கிறாள். கஷாயம் கொடுத்தேன்.

எனக்கு வேலை போய்விட்டது. வெள்ளிமேகத்து வாசலில் நின்றதற்கு அடுத்த திங்கட்கிழமையே. செந்தில்வேல் அண்ணாச்சி ஏசவில்லை. "நடக்காத ஒண்ணுக்காவ நடக்குத பொழப்பக் கெடுத்துட்டியேட்டீ" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. நல்ல மனிதர்தான். நானும் நல்ல பெண்தான். ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன், வந்து பார்ப்பதாகச் சொல்லி ரசீது தந்தார்கள்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். உனக்குத் தெரியும், நான் எங்கேயும் என் படத்தைப் போட்டதில்லை, பெயரைப் போட்டதில்லை. வெள்ளிமேகத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, பார்த்ததை எழுதி, 'அனுசியா, மேலகரம்' என்று கீழே என் பெயரையும் போன் எண்ணையும் போட்டேன். இரண்டாவது நாள் அது இல்லை. பொய் என்று புகார் போயிருந்தது, கூடவே இருபது புதிய ஐந்து நட்சத்திரங்கள். மதுரை, விருதுநகர், திருவனந்தபுரம். ஊர் வரிசைகூட நான் நிர்மலாதேவிக்குச் சொல்லிக் கொடுத்த அதே வரிசை. நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அந்த இரண்டு நாளில் என் எண்ணைக் குறித்துக்கொண்டவர்கள் சிலர் கூப்பிடுகிறார்கள். நேற்று ஒருவர், ராஜபாளையத்துக்காரர். இன்று, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிமேகத்துக்கு வருகிறாராம்.

"பிள்ளைகளோட போலாமாம்மா?"

"போகாதீங்க சார்." எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது ஒரு ஆளுதாம்மா. போகலாம்னு இங்க நூறு பேர் போட்டிருக்காங்க."

"அந்த நூறு பேர்ல இருபது பேர் நாந்தான் சார்."

 அவர் சிரித்தார். ஏதோ பைத்தியம் என்று நினைத்திருப்பார். வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இன்று காலையிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டுவிட்டேன்.

அண்ணே, ஒவ்வொரு நாளும் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். நான் சொன்னது பொய்யாகவே போகட்டும், அந்த ஓடையில் ஒரு நாளும் தண்ணீர் வராமல் நான் ஊர் முன்னால் பொய்க்காரியாகவே செத்துப்போகட்டும் என்று. ஆனால் இதை எழுதும்போது ஜன்னலில் மலை இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒன்று நிற்கிறது. இங்கே வாசலில் வெயில் அடிக்கிறது, அம்மை மிளகாய் காயப்போட்டிருக்கிறாள். குருவம்மாள் அக்காவின் எண்ணுக்கும் அடித்துப் பார்த்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மணி ஒன்று. சாப்பிடப் போயிருப்பார்.

நான் கிளம்புகிறேன். பண்பொழிப் பேருந்து இருபது நிமிடத்தில் வரும். இதைப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுவேன். உள்ளே விட மாட்டார்கள், தெரியும். போன வாரம் போனபோது மானேஜர் ஆள் வைத்து விரட்டினார். இன்றும் விரட்டட்டும். வாசலில் நின்று சத்தம் போடுவேன், அவர்கள் என்னைவிடப் பெரிதாகச் சத்தம் போடுவார்கள். என்ன சண்டை என்று பார்க்கவாவது குளிக்கிறவர்கள் தொட்டியை விட்டு மேலே ஏறி வருவார்கள்.

நீயும் எபனேசர் அண்ணனும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மை கையால் ஒரு வரி கேட்டாய். மிளகாய்க் கையோடு இருக்கிறாள், காத்திருக்க நேரமில்லை.

உன் தங்கை,
அனுசியா